கேபிளை நிறுத்தப் போகிறீர்களா? முதலில் அம்மாவின் சீரியலுக்கு வழி பண்ணுங்கள்

புதிதாகக் கேபிளை நிறுத்துகிறவர்கள் பலரும் வேலையைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதல் நாளே கேபிள்காரருக்கு ஃபோன் போட்டு "அண்ணே, அடுத்த மாசத்துல இருந்து வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம்தான் இன்டர்நெட் தேடி, டிவியில் செருகி நெட்டில் படம் பார்க்கிற ஸ்டிக் வாங்கி, எந்த ஆப்பில் எது இருக்கிறது என்று துழாவத் தொடங்குவார்கள். அதற்குள் இரவு எட்டரை ஆகி, அம்மா ஹாலுக்கு வந்து உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டிலும் முதல் முறை இப்படித்தான் நடந்தது, பத்தாம் நாள் திரும்பவும் கேபிள் போட்டோம். அடுத்த வருடம் நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்தோம். அதற்கப்புறம் கேபிள் பக்கம் போகத் தேவையே வரவில்லை. அந்த இரண்டாம் முறையில் எதற்குப் பின் எதைச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், அதே வரிசையில் செய்தால் உங்கள் வீட்டில் யாரும் முகம் வாட வேண்டியிருக்காது.

முதல் வாரம் ஒரு நோட்டு மட்டும் போதும்

எதையும் வாங்காதீர்கள். டிவி பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் பேனாவும் வையுங்கள். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார் எந்த நேரத்தில் எந்த சேனலில் என்ன பார்த்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், குழந்தைகளையும் எழுதச் சொல்லுங்கள். இரு நூறு சேனல் வருகிற வீட்டில் உண்மையில் ஓடுவது ஏழோ எட்டோதான் என்பது இந்த நோட்டில் பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டு நோட்டில் வந்தவை: அம்மாவுக்கு இரண்டு சேனலில் சேர்த்து நான்கு சீரியல், அப்பாவுக்குக் காலைச் செய்தியும் இரவு விவாதமும், பையனுக்குக் கார்ட்டூன், எனக்கும் என் மனைவிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படம், ஐபிஎல் சமயத்தில் எல்லோருக்கும் கிரிக்கெட். அவ்வளவுதான். இந்த ஐந்து விஷயத்துக்கும் மாற்று வழி இருந்தால் கேபிளை நிறுத்தலாம், ஒன்றுக்கு இல்லையென்றாலும் காத்திருக்க வேண்டும்.

அந்த நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் இப்போது மாதம் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இப்போதைய தொகை கொஞ்சம் உறுத்தும். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி நடைமுறைக்கு வந்தபோது, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி சேர்த்து 153 ரூபாய் சொச்சம், அதற்கு மேல் கட்டண சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்று ஆனது. அதனால் உங்கள் பில்லில் யாருமே பார்க்காத தொகுப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சில வீடுகளில் கணக்குப் பார்த்தால், அந்தத் தொகுப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கேபிளை வைத்துக்கொள்வதே லாபம் என்று வரும். அப்படி வந்தால் தாராளமாக அதையே செய்யுங்கள். காசு மிச்சம் பண்ணுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த மாற்றம் பெரிய லாபம் தராது, இன்டர்நெட் செலவையும் சேர்த்தால் ஏறத்தாழ சரிக்குச் சரியாகத்தான் இருக்கும். நாங்கள் மாறியதற்குக் காரணம் நேரம். எட்டரைக்குச் சீரியல் என்பதால் எட்டு மணிக்குள் சோறு வடித்து, பாத்திரம் கழுவி, ஓட்டமாக ஓடி வந்து உட்காருகிற அம்மாவைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அது மாற வேண்டும் என்று நினைத்தேன்.

இன்டர்நெட்

ஃபோனில் இருக்கும் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டிவியில் நல்ல தெளிவில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிற ரீசார்ஜ் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வேண்டும்.

எவ்வளவு வேகம் என்று கடைக்காரர் குழப்புவார். கணக்கு எளிது. சாதாரண ஹெச்டிக்கு 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு), முழு ஹெச்டிக்கு 5, 4கே தெளிவுக்கு 15 இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அதனால் 30 எம்பிபிஎஸ் திட்டம் ஒரு டிவி, இரண்டு மூன்று ஃபோன் இருக்கும் வீட்டுக்குத் தாராளம். 100, 200 எல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம். மாத அளவுக்கும் கவலைப்பட வேண்டாம்: தினம் நான்கு மணி நேரம் பார்த்தாலும் மாதம் 360 ஜிபிதான் ஆகும், பல ஃபைபர் திட்டங்களில் 3,300 ஜிபி வரை வேகம் குறையாது.

எந்த நிறுவனம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். "மழை பெய்தால் நெட் வருகிறதா, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்?" இந்த இரண்டு கேள்வி போதும். உங்கள் கேபிள்காரரிடமும் கேளுங்கள், பல ஊர்களில் கேபிள் போடுகிறவரே இப்போது ஃபைபரும் தருகிறார். அவரிடமே வாங்கினால், தெருக்கம்பத்தில் வயர் அறுந்தால் இரவானாலும் ஏணியோடு வந்து நிற்பார். எனக்குத் தெரிந்து எந்தக் கால் சென்டரும் அப்படி வராது.

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். வயர் இழுக்க வருகிற பையன் வாசலுக்குப் பக்கத்திலேயே, மீட்டர் பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஹாலுக்குள் டிவி இருக்கும் சுவருக்கு வர நடுவில் ஒரு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு பீரோ. அப்புறம் படத்தின் நடுவில் வட்டம் சுற்றுகிறது என்றால் சுற்றத்தான் செய்யும். வேலை முடிவதற்குள் "ஹால் வரைக்கும் இழுத்துடு தம்பி" என்று சொல்லி, டிவியைப் பார்த்த மாதிரி ரூட்டரை வையுங்கள். ரூட்டரில் வைஃபை பெயர் இரண்டாகத் தெரிந்தால் 5ஜி என்று முடிகிற பெயரில் டிவியை இணையுங்கள். அது வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் வலு குறைந்துவிடும், அதனால் ஒரே அறையில் இருந்தால்தான் முழுப் பயன். (அந்த 5ஜிக்கும் ஃபோன் 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை.) கரண்ட் அடிக்கடி போகிற ஊராக இருந்தால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியும் ஸ்டிக்கும்

டிவி ஸ்மார்ட் டிவியா என்று பாருங்கள். ஆம் என்றால் வேறு எதுவும் வேண்டியதில்லை. ஸ்மார்ட் டிவிதான் ஆனால் ஏழெட்டு வருடப் பழசு என்றால், ஆப் எல்லாம் நத்தை மாதிரி திறக்கும், சில ஆப் இனி இந்த டிவியில் ஓடாது என்று சொல்லிவிடும். அதற்காகப் புது டிவி வாங்காதீர்கள். பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ என்று எழுதிய ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஒன்றைச் செருகினால் டிவி புதுசாகிவிடும். சாதாரண எல்இடி டிவிக்கும் இதுவேதான் வழி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று ஓட்டை மட்டும் இருக்கிற பழைய டப்பா டிவியாக இருந்தால், நடுவில் மாற்றிக்கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும், படம் வரும், ஆனால் எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கும்.

ஸ்டிக்குக்குக் கரண்டை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். அதில் பவர் பற்றாமல் பாதிப் படத்தில் அணைந்து அணைந்து எரியும். கூடவே கொடுக்கிற அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

எது எங்கே இருக்கிறது

இப்போது நோட்டை எடுங்கள். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட் ஆப்பில். விஜய் டிவி சீரியல்களும் நிகழ்ச்சிகளும் ஜியோஹாட்ஸ்டாரில் (ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகிவிட்டன, இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டாம்). ஜீ தமிழ் என்றால் ஜீ5. ஐபிஎல்லும் ஜியோஹாட்ஸ்டாரில்தான் வருகிறது. செய்திக்குக் காசே வேண்டாம், புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் எல்லாம் யூடியூபில் நாள் முழுக்க நேரலையாக ஓடுகின்றன. அப்பாவுக்கு யூடியூபைத் திறந்து அந்த மூன்றையும் சப்ஸ்கிரைப் பண்ணி வைத்ததோடு அவருடைய வேலை முடிந்தது. பழைய தூர்தர்ஷன் மேல் பாசம் இருப்பவர்கள் கவனிக்க: பொதிகை 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது, டிடி ஃப்ரீ டிஷ் போட்டால் மாதக் கட்டணமே இல்லாமல் வரும், ஆனால் அதில் தமிழ் சேனல்கள் கொஞ்சம்தான், அதை நம்பி மட்டும் கேபிளை நிறுத்த முடியாது.

வெப் சீரிஸ் என்று சொல்கிற தொடர்கள் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜீ5, ஜியோஹாட்ஸ்டார், சோனிலிவ் என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் காசு கட்டினால் கேபிளைவிட மூன்று மடங்கு ஆகும். அதனால் சுழற்சி முறை வைத்துக்கொள்ளுங்கள்: சீரியலுக்கு ஒன்று நிரந்தரம், தொடர்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இந்த மாதம் பிரைம் என்றால் அதில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்து நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் ஜீ5. தொடர் எங்கேயும் ஓடிப் போய்விடாது. ஒரே மூச்சில் பார்க்கிற பழக்கம் இதற்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. வாரத்துக்கு ஒரு எபிசோடு விடுகிற தொடராக இருந்தால், எல்லாம் வந்து முடிகிற வரைக்கும் காத்திருந்து அந்த மாதத்தில் காசு கட்டினால் போதும்.

திட்டம் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மிகக் குறைந்த விலைத் திட்டம் பெரும்பாலும் ஃபோனில் மட்டும் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது 149 ரூபாய்த் திட்டம் ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில் பார்க்க 199 ரூபாய்த் திட்டத்துக்காவது போக வேண்டும் என்று வைத்தார்கள். விலை மாறினாலும் இந்தப் பிரிவினை வேறு சில ஆப்களிலும் உண்டு, 'மொபைல்' என்ற வார்த்தை இருந்தால் டிவிக்கு ஆகாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, விளம்பரம். காசு கட்டினாலும் விளம்பரம் வரும் திட்டங்கள் பெருகிவிட்டன, பிரைம் வீடியோவிலும் 2025 ஜூனிலிருந்து வருகிறது, அது வேண்டாமென்றால் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றாவது, உங்கள் ஃபோன் ரீசார்ஜிலோ ஃபைபர் திட்டத்திலோ ஏற்கெனவே ஏதாவது ஆப் இலவசமாகச் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அது தெரியாமல் இரண்டு முறை காசு கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், சென்னையில் இருக்கும் அண்ணன் வீட்டு நெட்ஃபிளிக்ஸை இங்கே பாஸ்வேர்டு வாங்கிப் பார்ப்பது 2023 ஜூலைக்குப் பிறகு நடக்காது, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்.

பணம் கட்டும்போது ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகக் காசு எடுத்துக்கொள்ள அனுமதி, கேட்கும். சுழற்சி முறையில் போகிறவர்களுக்கு இதுதான் ஓட்டைப் பானை. மாதக் காசு போவதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் செய்வது இது: சந்தா கட்டிய அன்றைக்கே, தொடரைப் பார்க்கத் தொடங்கும் முன்பே, ரத்தும் செய்துவிடுவேன். கட்டிய மாதம் முடிகிற வரைக்கும் பொதுவாகப் பார்க்க விடுவார்கள், கட்டும் முன் அதை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பக்கத்தைத் திறந்தால் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள்.

ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும்

எல்லாம் தயாரானதும் கேபிளை நிறுத்தத் தோன்றும். வேண்டாம். இன்னும் ஒரு மாதம் கேபிளுக்கும் காசு கட்டுங்கள். முந்நூறு ரூபாய் போனால் போகிறது. இந்த ஒரு மாதம்தான் இந்த முழு வேலையின் உயிர்நாடி.

பெரியவர்களுக்குக் கஷ்டம் கதையைத் தேடுவதில் இல்லை, ரிமோட்டில்தான். கேபிள் ரிமோட்டில் நம்பர் இருந்தது. அம்மாவுக்கு அந்த நம்பர் விரலுக்கே தெரியும், கண்ணாடி போடாமலே அழுத்துவார். புது ரிமோட்டில் நம்பர் கிடையாது, வட்டமாக ஒரு பட்டன், அதைச் சுற்றி ஏழெட்டு குட்டிக் குட்டிப் படங்கள், எல்லாம் ஒரே கறுப்பு. முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறுநாள் காலை மறந்துவிட்டது. அப்புறம் என் மனைவிதான் டிரெஸ்ஸிங் டேபிளிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். வீடு படம் போட்ட பட்டனில் சிவப்புப் பொட்டு, திரும்பிப் போகிற அம்புக்குறிப் பட்டனில் பச்சைப் பொட்டு. "எங்கயாவது மாட்டிக்கிட்டா பச்சைப் பொட்டை அழுத்துங்கத்தே, அப்பவும் புரியலைன்னா சிவப்புப் பொட்டை அழுத்துங்க, ஆரம்பத்துக்கே வந்துடும்." அவ்வளவுதான் பாடம். மூன்றாம் நாள் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது அம்மா நேற்றைய சீரியலைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், மணி மாலை ஆறு. என்னைப் பார்த்ததும் சொன்ன வார்த்தை: "காபி போட்டுட்டு வரேன் இரு, இது நின்னுக்கிட்டே இருக்கும்." நிறுத்தி வைக்கிற பட்டனை அவரே கண்டுபிடித்திருந்தார்.

ஆகவே உங்கள் வீட்டிலும் முகப்பில் பெரியவர்களுக்கு வேண்டிய இரண்டு ஆப்பை மட்டும் முதல் வரிசையில் கொண்டு வந்து வையுங்கள், மற்றதையெல்லாம் கீழே தள்ளுங்கள். சுயவிவரம் என்று ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும் வசதி பெரிய ஆப்களில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று வையுங்கள். இல்லையென்றால் பையன் பார்க்கிற கார்ட்டூனும் நீங்கள் பார்க்கிற கொலைத் தொடரும் அம்மா பக்கத்தில் கலந்து வந்து, அவருடைய சீரியல் எங்கேயோ அடியில் போய்விடும். குழந்தைகளின் பக்கத்துக்கு வயது வரம்பும் பின் நம்பரும் கட்டாயம் போடுங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தொடருக்கும் யு, யு/ஏ 7, 13, 16, ஏ என்று வயதுக் குறியீடு போட வேண்டும், 13 வயதுக் குறியீட்டிலிருந்து மேலே பூட்டு வசதியும் கொடுக்க வேண்டும். பூட்டு இருக்கிறது, அதைப் போடுவது மட்டும்தான் நம் வேலை.

இந்த மாதத்தின் முடிவில் கேபிள் ரிமோட் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்தால் நீங்கள் தயார். இன்னமும் யாராவது ஒருவர் தினம் அதை எடுக்கிறார் என்றால், எதற்காக எடுக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு மாற்று வழி கண்டுபிடித்த பிறகு மேற்கொண்டு போங்கள்.

ஒரே மூச்சில் பார்ப்பது எப்படி

இதற்கெல்லாம் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இருக்கிறது. முதல் மாதம் எல்லோரும் இரண்டு மணிக்கு மேல் விழித்துக் கண் சிவந்து, அப்புறம் இந்தப் பழக்கமே வேண்டாம் என்று வெறுத்துப் போகிறார்கள்.

முதலில் சின்னத் தொடராக எடுங்கள். எட்டு சீசன் ஓடுகிற ஆங்கிலத் தொடரில் போய் விழாதீர்கள். தமிழில் 'அயலி', 'சுழல்' முதல் சீசன், 'வதந்தி' மூன்றும் எட்டு எட்டு எபிசோடு, 'விலங்கு' ஏழு. ஒரு சனி ஞாயிறில் நிம்மதியாக முடியும். தொடர் தொடங்கும் முன் எத்தனை எபிசோடு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் என்றால் இரண்டு உட்காரலாகப் பிரியுங்கள், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலையில் ஒன்று.

அடுத்த எபிசோடு தானாக ஓடுகிற வசதியை அணைத்துவிடுங்கள். இது முக்கியம். ஒரு எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஐந்து நொடியில் அடுத்தது தொடங்கிவிடும், எழுந்திருப்பதா வேண்டாமா என்று நாம் யோசிக்கவே நேரம் கிடைக்காது. நெட்ஃபிளிக்ஸில் இதை அந்தந்த சுயவிவரத்தின் பிளேபேக் அமைப்பில் அணைக்கலாம். ஒருவருக்கு அணைத்தால் இன்னொருவருக்கு அணையாது, அதனால் எல்லோருடையதிலும் செய்யுங்கள்.

அடுத்தது நான் ரொம்ப நாள் கழித்துக் கற்றுக்கொண்டது: எபிசோடு முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். எழுதுகிறவர்கள் முடிச்சை எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் போடுவார்கள். கதவு திறக்கும், உள்ளே யார் என்று காட்ட மாட்டார்கள், பெயர் ஓடும். அங்கே எழுந்து போய்ப் படுத்தால் தூக்கம் வராது. அதற்குப் பதில் அடுத்த எபிசோடைப் போட்டு, முதல் பத்து நிமிடம் பாருங்கள். உள்ளே யார் என்று தெரிந்துவிடும், மனசு அடங்கிவிடும், அங்கே ஏதாவது ஒரு சாதாரணக் காட்சி வரும், இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் அணையுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தானே தொடங்கும்.

கூடப் பார்க்க ஆள் இருந்தால் இதன் சுவையே வேறு. 'அயலி'யை நான் அம்மாவோடு பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், 1990-கள், பெரிய மனுஷி ஆகிவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள் என்பதால் அதை மறைக்கிற ஒரு பெண்ணின் கதை. மூன்றாவது எபிசோடு ஓடும்போது அம்மா "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். தான் எட்டாம் வகுப்போடு நின்ற கதையைச் சொல்லத் தொடங்கினார், எந்த டீச்சர் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பேசினார், தாத்தா என்ன சொன்னார், புத்தகத்தையெல்லாம் யாருக்குக் கொடுத்தார் என்று அரை மணி நேரம். நாற்பத்தைந்து வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. முடிந்ததும் "ம், போடு" என்றார். கேபிளில் ஓடுகிற நிகழ்ச்சியை இப்படி நிறுத்திவைக்க முடிந்திருக்காது, அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

எனவே வீட்டில் ஒரு தொடராவது எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக வையுங்கள், அதை யாரும் தனியாக முன்னால் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொடர் என்றால் ஆடியோ மொழியில் போய்ப் பாருங்கள், கொரியத் தொடர்கள் பலவற்றுக்கு இப்போது தமிழ் டப்பிங் இருக்கிறது, பெரியவர்களும் கூட உட்காருவார்கள். உடம்பையும் கவனிக்க வேண்டும்: ஒரு எபிசோடுக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்து மொட்டை மாடி வரைக்கும் போய் வாருங்கள், விளக்கை முழுக்க அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள்.

கடைசியில் பாக்ஸ்

இப்போது கேபிள்காரரிடம் போகலாம். டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் போதும், டிஷ் மாடியில் கிடக்கட்டும். கேபிள் என்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து வேண்டாம் என்பதைச் சொல்லி, அதுவரை உள்ள பாக்கியைக் கட்டுங்கள். செட்டாப் பாக்ஸ் உங்களுடையதா, அவருடையதா என்று கேளுங்கள். இலவசமாகவோ முன்பணம் வாங்கிக்கொண்டோ கொடுத்த பாக்ஸ் என்றால் ரிமோட், அடாப்டர் எல்லாவற்றோடும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பணம் கொடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும்போது பாக்ஸின் அடியில் இருக்கும் நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீது கட்டாயம் வாங்குங்கள். நான் ரசீது வாங்காமல் வந்தேன். நான்கு மாதம் கழித்து வேறொரு பையன் வந்து நான்கு மாத பாக்கி என்று நின்றான், பாக்ஸே கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க இரண்டு வாரம் அலைய வேண்டியதாயிற்று. ரசீது புத்தகம் இல்லை என்று சொன்னால் வாட்ஸ்அப்பில் "பாக்ஸ் வந்தது, பாக்கி இல்லை" என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், அது போதும்.

முகம் கொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள். வருஷக் கணக்கில் மழையிலும் வெயிலிலும் நம் மாடியில் ஏறி இறங்கிய மனிதர். அதோடு, கம்பத்திலிருந்து வருகிற வயரை வெட்டச் சொல்லாதீர்கள், சுருட்டி மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வீட்டில் யாருக்காவது ஒத்துவரவில்லை என்றால், ஒரு ஃபோன் போட்டால் அன்றைக்கு மாலையே இணைப்புத் திரும்ப வந்துவிடும்.